கூடம் கட்டுமுன் குந்திப் பாருங்கள்

நான் கட்டிய முதல் சமுதாயக் கூடத்துக்குள் யாரும் உட்காரவில்லை. அதன் பின்சுவர் நிழலில்தான் உட்கார்ந்தார்கள்.

2006-ஆம் வருஷம். சுனாமி வந்து போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம், கட்டிக்கொடுத்த தொண்டு நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தப்பில் பாதி என் கணக்கில் வரும். நான் அங்கே சைட் சூப்பர்வைசர். திருவாரூர்ப் பக்கத்து வயக்காட்டுக் குடும்பம், டிப்ளமோ சிவில், கடலைப் பார்த்ததெல்லாம் வேளாங்கண்ணித் திருவிழாவில்தான். கூடத்தைக் குடியிருப்பின் நட்டநடுவில் வைத்தோம். வழுவழு டைல்ஸ், நாலு ஃபேன், ஜன்னலுக்கு கிரில், வாசலில் கிரானைட் கல்வெட்டு. திறப்பு விழா முடிந்த ஆறாவது மாதம் உள்ளே யாரோ ஒருவருடைய ஐஸ் பெட்டிகளும் ஒரு பழைய எஞ்சினும் இருந்தன. வெளியே பூட்டுத் தொங்கியது. கட்டடத்தின் முதுகுப் பக்கம் தண்ணீர்க் குழாய். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் அங்கே இருபது முப்பது பெண்கள் இருப்பார்கள். பேன் பார்ப்பார்கள், சீட்டுக் காசு வசூலிப்பார்கள், ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி பேசாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அங்கிருந்த ஆயா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "ஏந் தம்பி, இவ்வளவு காசக் கொட்டுனீங்களே, குந்துறதுக்கு ஒரு திண்ணை வச்சிருக்கக் கூடாதா?"

வைத்தோம். பின்சுவரை ஒட்டி முப்பதடி நீளம், ஒன்றரை அடி உயரம். மிச்சம் கிடந்த செங்கல், ஏழெட்டு மூட்டை சிமென்ட், கொத்தனாருக்கு மூன்று நாள் கூலி. அந்தக் குடியிருப்பில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டு இடத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பஞ்சாயத்துத் தலைவர்கள், இளம் என்ஜினியர்கள், நிவாரணப் பணம் கைக்கு வந்து என்ன கட்டுவது என்று முழிக்கிற இளைஞர் மன்றங்கள், இவர்களை மனதில் வைத்து.

முதலில், எது போனது?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டம், அன்றைக்கு அதுவும் நாகைதான். போன வீட்டுக்குக் கணக்கெடுத்தார்கள். போன படகுக்கும் கட்டுமரத்துக்கும் வலைக்கும் படிவம் இருந்தது. உட்கார்ந்த இடத்துக்குப் படிவம் இல்லை.

ஒரு குப்பத்தில் அப்படி இடங்கள் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அம்மன் கோயில் முன்னால் மணல், ஏலக்கூடம், வலை பின்னும் கொட்டகை, கரையில் ஏற்றிப் போட்ட படகின் நிழல், டீக்கடை பெஞ்சு, கருவாடு காயப்போடும் திடல். கடனும் கல்யாணமும் சண்டையும் சமாதானமும் அங்கேதான் நடக்கும். 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி கடலிலிருந்து 200 மீட்டருக்குள் அரசு உதவியில் புதுவீடு கிடையாது; தள்ளிப் போக ஒப்புக்கொண்டால் இலவச வீடு. சுமார் 325 சதுர அடி வீடுகள், சதுரங்கக் கட்டம் மாதிரி தெருக்கள், எங்கள் சைட்டில் வீடு குலுக்கலில் விழுந்தது. இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள் நாலு தெரு தள்ளிப் போனாள். ஜப்பானில் 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகும் இதே குலுக்கல்தான். தற்காலிக வீடுகளில் வயதானவர்கள் தனியாக இறந்து, நாள் கழித்துத் தெரியவந்ததை அந்த நாடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பிளான் போடும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். பழைய ஊரில் எங்கெங்கே உட்கார்ந்தீர்கள், யாரோடு, எந்த நேரத்தில் என்று வீடுவீடாகக் கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கல்யாண மண்டபம் என்பார்கள். பக்கத்து ஊரில் மண்டபம் இருக்கிறது, அதனால்.

மூன்று நேரம் நடந்து பாருங்கள்

காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, பதினோரு மணிக்கு ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. ஒரு வாரம். ஐந்து மணிக்குப் படகு கரை ஏறும் இடமும் மீன்கூடையோடு பெண்கள் வண்டிக்கு நிற்கும் இடமும் தெரியும். பதினோரு மணிக்கு எந்த நிழல் நிஜ நிழல் என்று தெரியும். ராத்திரி, எந்த இடத்தில் வெளிச்சம் இல்லாமல் பெண்கள் வேகமாக நடக்கிறார்கள் என்று தெரியும். வரைபடத்தில் இந்த மூன்றையும் மூன்று கலரில் குறியுங்கள். மூன்று கலரும் எங்கே ஒன்றுகூடுகிறதோ அங்கே கட்டுங்கள். பெரும்பாலும் அது நட்டநடுவாக இருக்காது. குழாயடி, பஸ் நிற்கும் முனை, கோயிலுக்குப் போகும் வழி, இப்படி எதாவது ஓரமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. மீனவர் ஊரில் உட்காரும் இடத்திலிருந்து கடல் தெரிய வேண்டும். சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்க்கவே பயப்படுவார்கள் என்று நாங்களாக முடிவுகட்டி, பெஞ்சுகளைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோம். ஒருவரும் உட்காரவில்லை. கேட்டால், "கடலு முதுகுக்குப் பின்னால இருந்தா நெஞ்சு படபடங்குது, கண்ணு முன்னால இருந்தாத் தேவல" என்றார் ஒரு பெரியவர். காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்) பார்ப்பது, படகு திரும்புகிறதா என்று பார்ப்பது, எல்லாமே அங்கிருந்துதான்.

சுண்ணாம்புக் கோடு

காகிதப் பிளானைக் காட்டி ஒப்புதல் வாங்குவது வீண் வேலை. தலையாட்டுவார்கள். அதைவிட, கோலமாவு மாதிரிச் சுண்ணாம்புத் தூளை எடுத்து நிஜ அளவில் மணலிலேயே கோடு போடுங்கள். சுவர் வரும் இடத்தில் கயிறு, தூண் வரும் இடத்தில் மூங்கில், திண்ணைக்குச் செங்கல் அடுக்கு. அப்படியே நாலு நாள் விடுங்கள்.

வேதாரண்யம் பக்கம் ஒரு வலைக்கொட்டகைக்கு இப்படிச் செய்தோம். முதல் நாள் பிள்ளைகள் கோட்டுக்குள் கிளித்தட்டு விளையாடினார்கள். இரண்டாம் நாள் வலைக்காரர் ஒருவர் வந்து இரண்டு மூங்கிலுக்கு நடுவே வலையைக் கட்டி, கால் கட்டைவிரலில் கோத்து இழுத்துப் பார்த்தார். "பத்தாது" என்றார். நாங்கள் தூணுக்குத் தூண் எட்டடி வைத்திருந்தோம். அவர் பன்னிரண்டு கேட்டார். மூன்றாம் நாள் ஒரு பாட்டி மேற்குப் பக்கம் உட்கார்ந்து, மூன்று மணிக்கு வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று எழுந்து போனார். மேற்கே கூரையைத் தாழ்த்தி இறக்கினோம், கிழக்கே உயர்த்தித் திறந்துவிட்டோம். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்துதான் வரும். ஒரு மூட்டை சுண்ணாம்பு செய்த வேலை இது. இதையெல்லாம் கட்டிய பிறகு கண்டுபிடித்தால் இடித்துத்தான் திருத்த வேண்டும்.

நிழல் முதலில், கட்டடம் பிறகு

2005 கோடையில் தற்காலிகக் குடியிருப்புகள் தார் ஷீட்டில் இருந்தன. பகலில் உள்ளே இருக்க முடியாது, அடுப்பாகிவிடும். ஊர் முழுக்க வெளியே நிழல் தேடி அலைந்தது. நாங்களோ மனையைச் சமன்படுத்துகிறோம் என்று இருந்த மரத்தையும் தள்ளியிருந்தோம். புல்டோசர்க்காரருக்கு மரம் இடைஞ்சல். அவரை நிறுத்த வேண்டியவன் நான், நிறுத்தவில்லை.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது: இருக்கிற மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி, கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள். அடுத்தது கீற்றுப் பந்தல். கீற்று அசிங்கம், நிரந்தரம் இல்லை என்பார்கள். இருக்கட்டும். அடுத்த புயலில் கீற்று பறந்தால் யாருக்கும் காயமில்லை. தகரம் பறந்தால் கத்தி. மூன்றாவது, பூவரசு. ஆள் உயரப் போத்து வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், உப்பு மண்ணைத் தாங்கும், சீக்கிரம் நிழல் தரும். வேம்பும் புங்கனும் கூடவே போடலாம், அவை மெதுவாக வரட்டும். தென்னையைக் கட்டடத்துக்கும் வழிக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். கஜாவில் சாய்ந்த மரங்கள் ரோட்டை அடைத்ததால் உதவி வண்டி ஊருக்குள் வரவே நாளானது. மரம் வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள்.

திண்ணை

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உயரம் 16 முதல் 18 அங்குலம். அதற்கு மேல் போனால் வயதானவர்களுக்குக் கால் தொங்கும், தாழ்ந்தால் எழுந்திருக்க முடியாது. அகலம் குறைந்தது இரண்டரை அடி. அப்போதுதான் சம்மணம் போடலாம், கைக்குழந்தையைக் கிடத்தலாம், தலைச்சுமையை இறக்கி வைக்கலாம். முனையை மழுக்கி உருட்டிவிடுங்கள், தொடையை அறுக்காது. டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும். சிவப்பு ஆக்சைடு போட்டுத் தேய்த்த சிமென்ட் தளம் போதும். வெளிப்பக்கம் லேசாகச் சரிவு கொடுங்கள், தண்ணீர் நிற்காது. நடுநடுவே தூண் வரட்டும், சாய்ந்துகொள்ளத்தான். எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோட்டில் நீட்டாமல் ஓரிடத்தில் 'ட' மாதிரி மடக்குங்கள். நேர்க்கோட்டில் உட்கார்ந்தால் எல்லோரும் தெருவைப் பார்ப்பார்கள். மடக்கில் உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். துக்கம் பேசுகிறவர்கள் எப்போதும் மடக்குக்குத்தான் போவார்கள். நான் கவனித்திருக்கிறேன்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு தோயோ இத்தோ என்ற கட்டடக் கலைஞரும் அவர் கூட்டாளிகளும் 'எல்லோருக்குமான வீடு' என்று சின்னச் சின்ன மரக்கூடங்கள் கட்டினார்கள். முதலாவது அதே வருஷம் சென்டாய் நகரத்தில், தற்காலிக வீடுகளுக்கு நடுவே. ஒரு பெரிய மேசை, ஒரு விறகடுப்பு, வெளியே உட்கார நீளமான மரத் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் திண்ணையேதான்.

புயல் ராத்திரிக்கு

பாதுகாப்பு மையம் தனி, ஊர்க்கூடம் தனி என்று கட்டினால் பாதுகாப்பு மையம் வருஷத்துக்கு இரண்டு நாள் திறக்கும், மற்ற நாளில் வௌவால் குடியிருக்கும். ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலுக்குப் பிறகு கட்டிய மையங்களில் பலவற்றைப் பள்ளிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். அதுதான் சரி. தூண்கள் மேல் கட்டடத்தைத் தூக்குங்கள். மேலே அங்கன்வாடியோ வகுப்பறையோ, கீழே திறந்த தளத்தில் வலை வேலை. தினமும் ஏறி இறங்குகிற படியில்தான் இருட்டிலும் கால் தடுமாறாது.

தரையிலிருந்து மேலே ஏறச் சாய்தளம் கட்டாயம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. மூன்றடி அடித்தளம் என்றாலே 36 அடி ஓடும். இடமில்லை என்று பாதியில் முறித்துச் செங்குத்தாக்கி விடுவார்கள், விடாதீர்கள். கட்டடம் உயரமாக இருந்தால் நடுவில் நிறுத்தம் வைத்துத் திருப்புங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் படி வெளியே இருக்கட்டும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 முதல் 50 மில்லிமீட்டர் காங்கிரீட் மூட வேண்டும், எம்-30 என்கிற காங்கிரீட் தரத்துக்குக் குறைந்த கலவை ஆகாது. வீட்டுக்குப் போடுகிற மாதிரி இதற்கும் போட்டால் சில வருஷத்தில் கம்பி துருவேறிச் சிமென்ட் பாளம் பாளமாக விழும். கடல் மணல் கலந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆட்டை மறந்துவிடாதீர்கள். கஜா கரையைக் கடந்தது நவம்பர் 16 அதிகாலை. முந்தின நாள் முழுக்க மைக் கட்டிக் கூப்பிட்டும் சில பேர் வீட்டை விட்டு வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் நாலு ஆடு, ஒரு பசு, இரண்டு கோழி. கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேட்டைப் போட்டு, சுவரில் பத்து இரும்பு வளையம் பதித்துவிட்டால் அந்த ஆட்கள் வந்துவிடுவார்கள்.

கரண்ட் இல்லாத நாட்கள்

கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் டேங்க் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் டேங்க் ஏற்றினார்கள். அதற்கு நாள் வாடகை கேட்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பொது இடத்தில் ஒரு அடிபம்பு இருக்கட்டும். அதன் மேடை, வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று சுவரில் கறை இருக்குமே, அதற்கு இரண்டடி மேலே. ஒரு சோலார் விளக்கு, செல்போன் சார்ஜ் போட நாலு பிளக். புயல் முடிந்த மறுநாள் சனம் முதலில் தேடி வருவது இந்த பிளக்கைத்தான். சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள், வெளியே விளக்கு, வாசல் ஆண்கள் உட்காரும் பக்கம் பார்க்காமல். சமையலுக்கு இரண்டு கோட்டை அடுப்பு, நனையாத விறகுப் பரண். கோயில் அன்னதான அடுப்பே பக்கத்தில் இருந்தால் புதிதாக வேண்டாம்.

யாருடைய ஊர்

இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஊர்க்கூட்டம் நடக்கிற இடத்துக்கு முன்னால் விதவைப் பெண்கள் போக மாட்டார்கள். பக்கத்துக் காலனிக்காரர்களை வரிசையில் கடைசியில் நிறுத்துவார்கள், சில இடத்தில் நிறுத்தவே மாட்டார்கள். நிவாரணம் கொடுத்த நாட்களில் இதைக் கண்ணால் பார்த்தேன். கட்டடம் இதை மாற்றிவிடாது. ஆனால் மோசமாக்காமல் இருக்கலாம். கூடத்தை ஒரு தெருவின் உள்ளே புதைக்காமல், இரண்டு தெருவுக்கும் பொதுவான ரோட்டோரம் வையுங்கள். இரண்டு பக்கமும் வாசல். குழாய் வெளியே ரோட்டைப் பார்த்து, யாரும் யாரிடமும் கேட்காமல் குடம் வைக்கிற மாதிரி. நிலம் புறம்போக்கா கோயில் நிலமா என்று முதலிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். கோயில் நிலம் என்றால் சிலர் எப்போதும் உள்ளே வர முடியாது.

நினைவுக்கல்

எங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் இறந்தவர்கள் பெயர் பொறித்த கறுப்புக் கல்லைப் பிள்ளைகள் விளையாடும் திடலின் நடுவில் வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். தாய்மார்கள் அந்தப் பக்கமே வருவதை விட்டார்கள். ஊஞ்சல் சும்மா ஆடியது. ஒரு வருஷம் கழித்து ஊர்ப் பஞ்சாயத்தார் பேசி, கல்லைக் கடலுக்குப் போகும் வழியின் ஓரத்துக்கு மாற்றினோம். டிசம்பர் 26 அன்று பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கடலுக்கு எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். போகும்போது நின்று கும்பிடுகிறார்கள். மற்ற நாளில் வேண்டியவர் போகலாம், வேண்டாதவர் சுற்றிப் போகலாம். ஊஞ்சலை அம்மாக்கள் மீன் காயப்போடும் இடத்திலிருந்து பார்வை படும்படி வைத்தால் போதும், பிள்ளைகள் தானாக வரும்.

கல்லில் பெயர் பொறிக்கும் முன் பட்டியலைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கல்லில் ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போயிருந்தது.

சாவி

கடைசியாக, கட்டுவதற்கு முன்பே எழுதி முடிக்க வேண்டியது. சாவி யாரிடம்? ஒருவரிடம் என்றால் அந்தக் கட்டடம் அவருடையது, ஐஸ் பெட்டியும் அவருடையது. மூன்று சாவி போடுங்கள்: ஒன்று மகளிர் குழுவிடம், ஒன்று பஞ்சாயத்தாரிடம், ஒன்று ராத்திரி கடைசியாக மூடுகிற டீக்கடையில் ஆணியில் தொங்கட்டும். யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே பெயின்ட்டில் எழுதுங்கள். கிரில் வைக்காமல் எவ்வளவு பகுதியைத் திறந்தே விட முடியுமோ விடுங்கள். திண்ணைக்குப் பூட்டு இல்லை. பல்புக்கும் குழாய் வாசருக்கும் மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். ஏலத்தில் கூடைக்கு இவ்வளவு என்று எடுக்கிற ஊர்களில் அது நன்றாக நடக்கிறது.

பூட்டு பித்தளையில் வாங்குங்கள். கடற்காற்றில் இரும்புப் பூட்டு ஒரு மழைக்காலத்தில் இறுகிப்போகும். அக்டோபர் பிறந்ததும் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மூன்று சாவியும் திறக்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.